தாமரைப் பூவும் இருபத்து மூன்று றிமோட்டும்

நான் ஒரு பிள்ளையைத் தாமரைப் பூவுக்குள் வைத்துப் பூட்டியவன். யாரோ எவரோ பெற்ற பிள்ளையை அல்ல, என் சொந்த அக்காவின் மகளை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு வீடியோக் கமராக்கள் ஓடிக்கொண்டிருக்க, சுபநேரம் கரைந்துகொண்டிருக்கப் பூட்டினேன். இதை நான் எழுதாமல் விட்டாலும் தர்மபுரம் சந்தியில் இறங்கி என் பெயரைச் சொன்னால் யாராவது உங்களை ஒரு கதிரையில் இருத்தி, தேத்தண்ணி தந்து, முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்வதைவிட என் வாயால் சொன்னால் எனக்குக் கொஞ்சமாவது மரியாதை மிஞ்சும் என்றுதான் நானே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. வவுனியாவில், நெளுக்குளத்தில் அறை எடுத்துத் தங்கி, ஒரு வருடம் இலத்திரனியல் பயிற்சி முடித்துவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற மாதிரி மாட்டியிருந்தேன். (அம்மா அதற்குச் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார்.) என்னை யாராவது 'இஞ்சினியர்' என்று கூப்பிட்டால் நான் திருத்துவதில்லை. கூப்பிடாவிட்டால் லேசாக நினைவூட்டுவேன்.

என் தொழில் தோட்டக் கிணற்று மோட்டருக்கு றிமோட் பூட்டுவது. எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் மோட்டரைப் போடவும் நிறுத்தவும் சேற்றில் இறங்கிக் கிணற்றடி வரை நடக்க வேண்டும். போகிற வழியில் பாம்பு கிடக்கும். றிமோட் இருந்தால் வரப்பில் நின்றே பொத்தானை அமத்திவிடலாம். தீப்பெட்டி அளவுச் சாமான். நாலு பொத்தான், இழுத்தால் நீளுகிற ஒரு சின்ன ஏரியல். ஒரு தடவை அமத்தினால் மோட்டர் ஓடும், மறுதடவை அமத்தினால் நிற்கும். ஊரே அதிசயப்பட்டது. நான் அதைவிட அதிசயப்பட்டேன், ஆனால் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இந்த றிமோட்டுகள் பேசிக்கொள்கிற அலைவரிசைக்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. வானொலி நிலையம் நடத்தப் போனால்தான் அரசாங்கத்திடம் உரிமம் கேட்க வேண்டும். கேற் திறக்கிற றிமோட், கார்ச் சாவி, கதவு மணி போன்ற வலுக்குறைந்த சாமான்களுக்கென்று அலைவரிசையில் ஒரு துண்டைப் பொதுவில் விட்டுவைத்திருக்கிறார்கள். ஊர்ப் பொதுக் குளம் மாதிரி. யாரும் இறங்கிக் குளிக்கலாம். ஆனால் பக்கத்தில் குளிக்கிறவரின் சவர்க்கார நுரை நம் கண்ணில் பட்டால் போய் முறைப்பாடு செய்ய முடியாது. அதனால்தான் ஒவ்வொரு றிமோட்டுக்கும் தனித்தனி இரகசியக் குறியீடு இருக்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் சொன்னார். சோதனையில் இது வராது என்றும் சொன்னார். நான் இரண்டாவதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

வவுனியாவில் வெற்று றிமோட்டுகள் கிடைக்கும். ஏற்கெனவே குறியீடு உள்ள ஒரு றிமோட்டை அதன் பக்கத்தில் வைத்து இரண்டையும் அமத்தினால் அந்தக் குறியீட்டையே இதுவும் பிடித்துக்கொள்ளும். நான் என் சட்டைப் பையில் இருந்த ஒரே றிமோட்டில் இருந்து ஊருக்கே பிரதி எடுத்தேன். ஒரே குறியீடு. யாருடைய மோட்டர் பழுதானாலும் என் றிமோட்டாலேயே சோதித்துப் பார்க்கலாம். யார் தொலைத்தாலும் ஐந்து நிமிடத்தில் வேறொன்று கொடுக்கலாம். ஒரு கிணற்றுக்கும் அடுத்த கிணற்றுக்கும் இடையில் தூரம் இருக்கிறது, றிமோட்டோ நூறு மீட்டருக்கு மேல் எட்டாது, பிறகென்ன? இந்த யோசனை ஆசிரியருக்கு ஏன் வரவில்லை என்று அவருக்காக நான் பரிதாபப்பட்டதும் உண்டு.

விற்கும்போது வாயும் சும்மா இருக்கவில்லை. "அண்ணை, நீங்கள் எங்க நிண்டு அமத்தினாலும் வேலை செய்யும்" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

இந்த நிலையில்தான் அக்காவின் மகள் ஆரணி பெரிய பிள்ளையானாள். சாமத்திய வீட்டை, அதாவது மஞ்சள் நீராட்டு விழாவை, மண்டபம் எடுத்துப் பெரிதாகச் செய்வதென்று தீர்மானமானது. அவளுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான்.

இங்கே என் அக்கா வதனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவும் அம்மாவும் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்து விசுவமடுப் பக்கம் குடியேறியவர்கள். அத்தானின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து குளத்து நீர்ப்பாசனத் திட்டத்தில் காணி பெற்று வந்த வயல்காரர். அக்காவும் அத்தானும் விரும்பிக் கட்டினார்கள். அத்தான் தங்கமான மனிதர். அவருடைய தமக்கை தவமணி மச்சாளும் கெட்டவர் அல்ல. ஆனால் எல்லாவற்றிலும் முறை பார்ப்பவர். சாமத்திய வீட்டுப் பேச்சு எடுத்த அன்று, எல்லோரும் இருக்க, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, உங்கட பக்கத்தில தாய்மாமன் முறையெல்லாம் செய்யிறவையோ?"

கறிக்கு உப்புப் போட்டாச்சா என்று கேட்பதுபோல் சாதாரணமாகத்தான் கேட்டார். அதுதான் இன்னும் கூடச் சுட்டது. அம்மா தலையைக் குனிந்து வெற்றிலையைத் துடைத்தார். அக்காவின் முகம் சிவந்துவிட்டது. பதினாலு வருடமாக அந்த வீட்டில் சமைத்து, விதைத்து, அரிவு வெட்டி, பிள்ளை பெற்ற பிறகும் "உங்கட பக்கம்" என்ற சொல் அவளை விட்டுப் போகவில்லை.

"என்ர தம்பி செய்வான் மச்சாள்" என்றாள் அக்கா. "கிளிநொச்சியில இருந்து மேடைக்காரரைக் கூப்பிடத் தேவையில்லை. மேடையில பிள்ளை உள்ள இருந்து வாற தாமரைப் பூவை அவனே செய்வான். றிமோட்டில திறக்கும்."

எனக்கே அது புதுச் செய்தி. ஆனால் இஞ்சினியர் அல்லவா, தலையை ஆட்டினேன். படலை வரை வந்து அக்கா என் கையைப் பிடித்தாள். "டேய், இது பூ இல்லை. என்ர மானம். விளங்குதே?" என்றாள். விளங்கியது.

மூன்று கிழமை வேலை செய்தேன். இரும்புக் கம்பியில் எட்டு இதழ். மேலே ரோசா நிறச் சாட்டின் துணி. இதழ்களை விரிக்கவும் மூடவும் பழைய வான் வண்டி ஒன்றின் கண்ணாடி துடைக்கிற மோட்டர். பிள்ளைக்கு வியர்க்கக்கூடாதென்று உள்ளே ஒரு குட்டி மின்விசிறி, இருக்க ஒரு முக்காலி. றிமோட்டுக்குக் குறியீடு எது என்று யோசிக்கக்கூட இல்லை, கை பழகினதையே போட்டேன். வீட்டு முற்றத்தில் ஐம்பது தடவை சோதித்தேன். ஐம்பது தடவையும் அழகாக விரிந்து அழகாக மூடியது. அக்கா பார்த்துவிட்டு அழுதாள்.

அந்த நாள் வந்தது. காலையில் வீட்டில் நான்தான் முதல் தண்ணீர் வார்த்தேன், தேங்காய் உடைத்தேன், ஒன்றிலும் பிழையில்லை. மண்டபத்தில் சுபநேரம் பத்தரையில் இருந்து பன்னிரண்டு மணி வரை. அதற்குள் பூ விரிந்து, நான் மாலை போட்டுப் பிள்ளையை இறக்கி, பெண்கள் ஆலாத்தி எடுக்க வேண்டும். மச்சாள் கையில் மணிக்கூட்டோடு முன்வரிசையில் இருந்தார். தோட்டக்காரர்கள் எல்லோரும் பட்டு வேட்டியில் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அழைப்பிதழை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பாதி வீட்டில் அதே கையோடு றிமோட்டையும் விற்றேன்.

பின்பக்கத்தால் ஆரணியைப் பூவுக்குள் ஏற்றி இருத்தினோம். நாதஸ்வரம் முழங்கியது. அறிவிப்பாளர் (இவர் கிரிக்கெட் போட்டிக்கும் திருவிழாவுக்கும் ஒரே குரலில் கத்துகிறவர்) மைக்கைப் பிடித்தார்.

"இதோ! தாய்மாமன் தன் கைகளால் படைத்த தாமரை மலர்கிறது!"

அமத்தினேன். எட்டு இதழும் மெல்ல விரிந்தன. ஆரணியின் கிரீடம் தெரிந்தது, நெற்றி தெரிந்தது. மண்டபம் கை தட்டியது. நான் மாலையை எடுத்துக்கொண்டு படியில் கால் வைத்தேன். பூ மூடிக்கொண்டது.

"தாமரை நாணத்தால் முகம் மூடுகிறது!" என்றார் அறிவிப்பாளர். சனம் இன்னும் பலமாகக் கை தட்டியது, இதுவும் ஏற்பாடு என்று நினைத்து. நானும் சிரித்தேன். மறுபடி அமத்தினேன். விரிந்தது. மாலையைத் தூக்கினேன். மூடியது.

"மீண்டும் நாணுகிறது!"

மூன்றாம் தடவை நான் அமத்தாமலே விரிந்தது, அமத்தாமலே மூடியது. நாலாம் தடவை பாதி விரிந்து, யோசித்து, திரும்பி மூடியது. அறிவிப்பாளர் ஏழாம் தடவை வரை நாணத்தையே வைத்துச் சமாளித்தார். பிறகு அவரிடமும் சரக்குத் தீர்ந்துவிட்டது. "மண்டப வாசலில் குறுக்காக நிறுத்தியிருக்கும் நீல நிற வானை அப்புறப்படுத்தவும்" என்று அறிவிக்கத் தொடங்கினார்.

"தம்பி" என்றார் மச்சாள் முன்வரிசையில் இருந்து. "இது எத்தனை தரம் திறந்து மூடிற பூ?"

"கரண்ட் ஏறி இறங்குது மச்சாள்" என்றேன்.

ஜெனரேட்டருக்கு மாற்றினோம், பூ கேட்கவில்லை. றிமோட்டுக்குப் புதுப் பற்றரி போட்டேன், மாற்றமில்லை. அடுத்ததாக வீடியோக்காரர்மேல் பழி போட்டேன். "உங்கட வயரில்லாத மைக்தான் குழப்புது, நிப்பாட்டுங்கோ." நிறுத்தினார். பிறகு அவருடைய ட்ரோனைக் கீழே இறக்கச் சொன்னேன். இறக்கினார். ஐயர் சட்டையில்லாத மேனியில் பூணூலோடு சேர்த்துக் கொளுவியிருந்த குட்டி மைக்கைக் கழற்றச் சொன்னேன். "மந்திரத்தாலயோ பூ மூடுது?" என்று கேட்டுக்கொண்டே கழற்றினார். கடைசியில் சபையில் இருந்த எல்லோருடைய போனையும் நிறுத்தச் சொல்லி அறிவித்தோம். முந்நூறு பேர் போனை நிறுத்தினார்கள். மண்டபத்தில் ஊசி விழுந்தால் கேட்கும். அந்த அமைதியில் பூ தன்பாட்டில் விரிந்தது, ஆரணி எங்களை ஒருமுறை பார்த்தாள், மூடியது.

"பூ மறுபடி மூடிருச்சுடா" என்றார் அம்மா, எனக்குத் தெரியாது என்று நினைத்து.

அக்கா மேடையின் ஓரத்தில் ஆலாத்தித் தட்டத்தோடு நின்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை, மச்சாளின் பக்கம் திரும்பாமல் இருப்பதற்காகக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

வயரை எலி ஏதாவது கடித்திருக்குமா என்று பார்க்க வெளி விறாந்தைக்கு ஓடினேன். அங்கே இராசதுரை அண்ணை தனியாக நின்றார். என் முதல் வாடிக்கையாளர். சரிகை வேட்டி, தோளில் சால்வை. வலது கை தலைக்கு மேலே நீட்டியபடி, கையில் ஏரியல் முழுதாக இழுத்த றிமோட். தன் தோட்டம் இருக்கும் திசையைப் பார்த்து அமத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்?"

"வெங்காயத்துக்குத் தண்ணி விட்டிட்டு வந்திட்டனடாப்பா. மோட்டரை நிப்பாட்ட மறந்துபோனன். பாத்தியெல்லாம் நிரம்பி இப்ப குளமாயிருக்கும்." மறுபடி அமத்தினார்.

உள்ளே அறிவிப்பாளரின் குரல்: "ஆ! மலர்கிறது!"

"இஞ்ச இருந்து உங்கட தோட்டம் மூண்டு மைல் அண்ணை..."

"நீர்தானே சொன்னனீர், எங்க நிண்டு அமத்தினாலும் வேலை செய்யுமெண்டு. ஆனா நிண்டுதோ இல்லையோ எண்டு தெரியேல்ல. அதுதான் விடாமல் அமத்திறன்." அமத்தினார்.

உள்ளே: "ஐயோ, மூடுகிறது!"

அவருடைய கையில் இருந்து றிமோட்டை ஏறக்குறையப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பாடா, பிடித்துவிட்டேன் என்ற துணிவில் நிமிர்ந்து நின்று என் றிமோட்டை அமத்தினேன். பூ விரிந்தது. அடுத்த கணமே மூன்றாம் வரிசையில் ஒரு பெரியவர் கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தார். பூ மூடியது.

அப்போதுதான் சபையைச் சரியாகப் பார்த்தேன். வந்திருந்த தோட்டக்காரர்களில் பாதிப் பேர் என் வாடிக்கையாளர்கள். சாவிக் கொத்தில், சட்டைப் பையில், வேட்டி மடியில், மனைவியின் கைப்பையில், எங்கும் நான் விற்ற றிமோட். ஒருவரின் மடியில் இருந்த குழந்தை ஒன்றை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தோட்டம் தோட்டமாகப் பிரிந்து கிடந்ததையெல்லாம் நானே அழைப்பிதழ் கொடுத்து ஒரு கூரையின் கீழ் சேர்த்திருக்கிறேன்.

மச்சாளிடம் போய்க் குனிந்து சொன்னேன். வேறு வழியில்லை.

"எல்லாற்ற றிமோட்டும் ஒண்டுதான் மச்சாள்."

"ஒண்டெண்டா?"

"ஒரே குறியீடு. ஆர் அமத்தினாலும் பூ கேக்கும்."

மச்சாள் மணிக்கூட்டை மடியில் வைத்தார். "அப்ப ஆற்ற மோட்டரையும் ஆரும் போடலாமோ?" என்று கேட்டார். மெதுவாகக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. பின்வரிசையில் இருந்த கந்தசாமி அண்ணை எழுந்து நின்றுவிட்டார்.

"அப்ப என்ர மோட்டர் தன்பாட்டில நிண்டது?" என்றார். அவருடைய கிணறும் பக்கத்துக் கிணறும் மட்டும்தான் ஊரில் அடுத்தடுத்து இருப்பவை. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அவர் மோட்டருக்குத் தேசிக்காயும் மிளகாயும் கட்டி, கிணற்றடியில் பொங்கலும் வைத்திருந்தார். (அந்தப் பொங்கலை நானும் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல பொங்கல்.)

மச்சாள் நேரத்தை வீணாக்கவில்லை. ஆலாத்தித் தட்டம் ஒன்றில் இருந்த வாழைப்பழங்களை இறக்கி வைத்தார். அறிவிப்பாளர் கணீரென்று அறிவித்தார்: "மோட்டர் றிமோட் வைத்திருக்கும் அன்பர்கள் அனைவரும் தயவுசெய்து தட்டத்தில் இடவும்!" மச்சாள் கோயிலில் திருநீறு கொடுப்பவர்போல் வரிசை வரிசையாகத் தட்டத்தோடு போனார். சனம் பயபக்தியோடு போட்டது. இருபத்து மூன்று றிமோட். குழந்தையிடம் இருந்ததைப் பிடுங்க இரண்டு பேர் தேவைப்பட்டது.

தட்டம் மேடைக்கு வந்தது. என் றிமோட்டை அமத்தினேன். பூ அசையவில்லை. விரியவும் இல்லை, நடுங்கவும் இல்லை. குவித்த குவியலில் அடியில் கிடந்த ஏதோ ஒன்று மற்றவற்றின் பாரத்தில் அமங்கி, அலைவரிசையில் விடாமல் கத்திக்கொண்டு, மற்ற எல்லாக் குரலையும் அடைத்துவிட்டது என்பதை மறுநாள்தான் கண்டுபிடித்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், பூ நிரந்தரமாகப் பூட்டிக்கொண்டது என்பது மட்டும்தான். மணி பதினொன்று முப்பத்தைந்து.

இனிக் கைவேலைதான். மேடைக்குப் பின்னால் பூவின் அடியில் ஒரு நட் இருக்கிறது. அதைக் கழற்றினால் இதழ்களைக் கையாலேயே விரித்துவிடலாம். ஒரு நிமிட வேலை. ஸ்பானரோடு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவழ்ந்து போனேன். இரண்டு இதழுக்கு நடுவில் வாயை வைத்துச் சொன்னேன்.

"ஆரணி, பயப்பிடாத பிள்ளை. மாமா இப்ப திறந்திடுவன்."

உள்ளே மொறுமொறு என்று ஒரு சத்தம். "மாமா" என்றாள் ஆரணி, வாய் நிறைய எதையோ மென்றுகொண்டு. "திறக்காதேங்கோ."

"என்ன?"

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவிடுங்கோ. இஞ்ச நல்லாயிருக்கு. காத்தும் வருது. மிக்சரும் இருக்கு."

முப்பத்தொரு நாளாக அவளுக்கு முட்டையும் நல்லெண்ணெயும் உழுத்தங்களியும்தான். மிக்சரை யாருக்கும் தெரியாமல் பட்டுச் சேலை மடிப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறாள். "முப்பத்தொரு நாளா எல்லாரும் வந்து வந்து பாக்கினம் மாமா. தலையைப் பாக்கினம், காலைப் பாக்கினம், நிறத்தைப் பாக்கினம். ஒருத்தரும் என்னோட கதைக்கேல்ல. இப்பதான் ஒருத்தரும் பாக்காமல் இருக்கிறன். அஞ்சு நிமிசம் மாமா, பிளீஸ்."

இந்தப் பூவைப் பற்றி மூன்று கிழமை யோசித்தவன் நான். அக்காவின் மானத்தைப் பற்றி யோசித்தேன், மச்சாளின் கேள்வியைப் பற்றி யோசித்தேன், என் சான்றிதழைப் பற்றி நிறையவே யோசித்தேன். உள்ளே இருக்கப்போகிறவளிடம் இது உனக்கு விருப்பமா என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. வெளியே முந்நூறு பேர் முணுமுணுக்கிறார்கள். ஒரு நிமிடத்தில் திறந்தால் என் மரியாதையில் பாதியாவது தப்பும், அக்காவுக்கும் மூச்சு வரும். ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தேன்.

பின்னால் பட்டுச் சேலை சரசரத்தது. திரும்பிப் பார்த்தால் தவமணி மச்சாள், என்னைப் போலவே தவழ்ந்து வந்திருந்தார். எவ்வளவு நேரமாக அங்கே இருந்தார் என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து, மேடைக்கு முன்னால் போய், அறிவிப்பாளரின் மைக்கை வாங்கினார்.

"பூவுக்குள்ள ஒரு சாமான் உடைஞ்சு போச்சுது. தாய்மாமன் திருத்திறார். பத்து நிமிசம் செல்லும். எல்லாரும் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

சுபநேரத்தில் ஒரு விநாடி விட்டுக்கொடுக்காத மனுஷி, பத்து நிமிடத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். சனம் சிரித்துக்கொண்டு எழுந்து போனது. "இஞ்சினியற்ற பூ" என்று நாலைந்து குரல்கள் கேட்டன. நான் நட்டை இறுக்கினேன், கழற்றினேன், மறுபடி இறுக்கினேன். மச்சாள் திரும்பி வந்து என் பக்கத்தில் தரையில் இருந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் இதழ்களுக்கு நடுவால் வளையல் போட்ட ஒரு கை வெளியே வந்து மிக்சரை நீட்டியது.

"மாமிக்கு" என்றது குரல்.

மச்சாள் வாங்கிச் சாப்பிட்டார். எனக்கும் கொஞ்சம் தந்தார். அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் மூன்று பேரும் பேசியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆரணி பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியை தும்முவது எப்படி என்று செய்து காட்டினாள். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பதினொன்று ஐம்பதுக்கு இதழ்களைக் கையால் விரித்தேன். ஆரணி கடைவாயில் ஒரு கடலைத் துண்டோடு சிரித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அன்றைய வீடியோவில் அவள் சிரிக்கிற முதல் இடம் அதுதான். மாலை போட்டேன், கை பிடித்து இறக்கினேன். மச்சாள் அக்காவைக் கூப்பிட்டுத் தனக்குப் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேருமாகச் சேர்ந்து முதல் ஆலாத்தி எடுத்தார்கள். பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருந்தது. அக்கா ஏன் தன்னை அவர் கூப்பிட்டார் என்று விளங்காமல் தட்டத்தைச் சுற்றவேண்டிய பக்கத்துக்கு எதிர்ப் பக்கமாகச் சுற்றினாள். மச்சாள் திருத்தவில்லை.

றிமோட்டுகளைத் திருப்பிக் கொடுப்பதில் பிரச்சினை இருக்கவில்லை. எது யாருடையதென்று ஒருவருக்கும் தெரியாது, தெரியவேண்டிய தேவையும் இல்லை, எல்லாம் எல்லாவற்றுக்கும் வேலை செய்யும். ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த கிழமை முழுவதும் ஒவ்வொரு கிணற்றடியாகப் போய்த் தனித்தனிக் குறியீடு போட்டுக் கொடுத்தேன். கந்தசாமி அண்ணையின் மோட்டரில் தேசிக்காய் இன்னும் தொங்கியது. கழற்றட்டா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். "உன்னை நம்பி அதைக் கழற்ற ஏலாது." இராசதுரை அண்ணையின் வெங்காயப் பாத்தியில் என்னோடு இரண்டு பேர் நின்று தண்ணீர் இறைத்தோம். அவர் என்னைத் திட்டவே இல்லை. வரப்பில் நின்று, என் காதில் விழும்படி "எங்க நிண்டு அமத்தினாலும்..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இது நடந்து ஏழெட்டு வருடமாகிறது. ஆரணி இப்போது கம்பஸில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் சொந்தக்காரர் வந்து சுற்றி இருந்துகொண்டு, எப்ப முடியும், எப்ப கலியாணம், ஏன் மெலிஞ்சு போனாய் என்று தொடங்குவார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "மாமா, பூவை மூடுங்கோ" என்பாள். நான் உடனே ஏதாவது ஒரு சாட்டுச் சொல்லி அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன். அத்தானுக்கும் அக்காவுக்கும் இந்தச் சொல் இப்போது பழகிவிட்டது. வீட்டில் யாருக்குத் தலையிடி வந்தாலும் பூவை மூடச் சொல்வார்கள்.

போன வருடம் தவமணி மச்சாளுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்ததில் இருந்து ஊரே நலம் விசாரிக்கப் படையெடுத்தது. கையில் ஒரு பால்மாப் பெட்டி, வாயில் நூறு புத்திமதி. மூன்றாம் நாள் மத்தியானம் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, எங்க நிக்கிறீர்?"

"கடையில மச்சாள். என்ன?"

பின்னணியில் யாரோ கண்ணுக்கு எந்த இலைச்சாறு நல்லது என்று விளக்கிக்கொண்டிருந்தார்கள். மச்சாள் குரலைத் தாழ்த்தினார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெதுவாகப் பேசிக் கேட்டேன்.

"ஒருக்கா வந்து இந்தப் பூவை மூடிவிடுமன்."

நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டு வயரிங்கில் பெரிய பழுது, மெயினை நிறுத்தப் போகிறேன், எல்லோரும் தயவுசெய்து எழும்புங்கோ என்றேன். ஊர் என்னை நம்பவில்லை, ஆனால் என் கைவேலைக்குப் பயந்து எழுந்து முற்றத்துக்குப் போனது. மெயினை நிறுத்தினேன். மச்சாள் கறுப்புக் கண்ணாடியோடு சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நீண்ட மூச்சு விட்டார்.

"எவ்வளவு நேரம் செல்லுமெண்டு கேக்கினம்" என்றேன்.

"பத்து நிமிசம் எண்டு சொல்லும்" என்றார்.

நான் வெளியே போய் ஒரு மணித்தியாலம் ஆகும் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.